பாதமும் பாதையும்

"அந்தப் பாதையில நான் பத்து வருசமா நடந்து பள்ளிக்கூடம் போனேன், சேர். அதுல திரும்ப நடக்கிறதுக்கு நான் காசு கட்டணுமா?"

கொட்டாஞ்சேனையில் நாம் கற்பிக்கும் பாடசாலையில், உயர்தர முதலாண்டு வகுப்பில், 2024ஆம் ஆண்டு யூலை மாதத்தில் ஒரு நாள் எழுந்த கேள்வி இது. ஆகஸ்ட் விடுமுறையில் மாணவரை மலைநாட்டுக்கு அழைத்துச் செல்வதென்றும், கலஹாவிலிருந்து லூல்கந்துர வரை ஒரு நாள் நடப்பதென்றும், போக்குவரத்துக்கும் உணவுக்குமாக ஆளுக்கு ஒரு தொகை கொண்டுவரவேண்டுமென்றும் நாம் அறிவித்து முடித்திருந்தோம். வகுப்பு மகிழ்ச்சியால் ஆரவாரித்தது. கடைசி வாங்கிலிருந்த ஒருவன் மட்டும் எழுந்து நின்று இதைக் கேட்டான். அவன் செட்டியார் தெருக் கடையொன்றில் வேலை செய்யும் தன் மாமனுடன் தங்கிப் படிப்பவன். அதிகம் பேசாதவன். அவனுடைய ஊர் எதுவென்று அதுவரை நாம் கேட்டதில்லை. வரவுப் பதிவேட்டில் கொழும்பு முகவரிதான் இருந்தது. அதுவே எமக்குப் போதுமாக இருந்தது.

கேள்வியிற் குறும்பு இல்லை, கோபமும் இல்லை. அறியாததை அறிய விரும்புபவனின் குரலிலேயே அவன் கேட்டான். அதனாலேதான் எம்மால் விடைசொல்ல இயலவில்லை.

நாம் போக எண்ணியிருந்த வழி இன்று உலகப் பிரயாணிகளிடையே பெயர் பெற்றுவரும் 'பீக்கோ' நடைபாதையின் ஒரு பகுதி. கண்டி ஹந்தானை மலையில் தொடங்கி, தேயிலைத் தோட்டங்களினூடாகவும் காடுகளினூடாகவும் கிராமங்களினூடாகவும் வளைந்து, ஹப்புத்தளை, எல்ல ஆகிய இடங்களைத் தொட்டு, நுவரெலியாவில் முடிவது அது. 300 கிலோமீற்றருக்கும் அதிகமான நீளம், 22 கட்டங்கள். ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்க உதவி நிறுவனமும் நிதி உதவ, பழைய தோட்டப் பாதைகளை ஒன்றோடொன்று இணைத்து, வழிகாட்டிப் பலகைகள் நட்டு, 2023ஆம் ஆண்டளவில் முழுமையாக்கப்பட்டது. பீக்கோ என்பது தேயிலைத் தரமொன்றின் பெயர். இளங்கொழுந்தின் மீது காணப்படும் வெண்ணிற நுண்மயிரைக் குறித்த சீனச் சொல்லிலிருந்து அது பிறந்தது. கொழுந்துக்குப் பெயர் கிடைத்தது. அப்பெயர் பாதைக்கும் கிடைத்தது. கொழுந்து கொய்த கைக்கும் பாதையை மிதித்துச் சமைத்த காலுக்கும் என்ன கிடைத்தது என்பதே அந்த மாணவன் கேட்ட கேள்வியின் உட்பொருள்.

நடையை நாம் வெறுப்பவரல்லர். வெள்ளவத்தையில் வாழ்பவர் யாவரும் நடையை விரும்புபவரே. மாலையானதும் கடற்கரை வீதியில், புகையிரதப் பாதையின் ஓரமாக, நீரிழிவுக்காக நடப்போர், நித்திரைக்காக நடப்போர், ஓய்வூதியம் பெற்றபின் பொழுது போகாமல் நடப்போர் எனப் பல திறத்தாரைக் காணலாம். நாமும் அவருள் ஒருவர். எம் நடைக்கு ஓர் இயல்பு உண்டு: வேண்டிய இடத்தில் திரும்பிவிடலாம். மழை வந்தாற் கடையொன்றில் ஒதுங்கலாம். களைத்தால் முச்சக்கர வண்டியை மறிக்கலாம். திரும்பும் உரிமையுள்ள நடையே உல்லாச நடை. அவ்வுரிமை இல்லாத நடை வேறொன்று. அதையும் நாம் சிறு வயதில் எம் வீட்டிலேயே கண்டிருக்கிறோம்.

எமக்கு எட்டு வயதாயிருந்தபோது எம் வீட்டுக்கு ஒரு சிறுமி வந்து சேர்ந்தாள். எம்மிலும் மூன்று வயது மூத்தவள். பாத்திரம் துலக்குவதும், முற்றம் கூட்டுவதும், எம்மைப் பாடசாலைக்கு அழைத்துச் சென்று மீட்டு வருவதும் அவள் வேலை. அவளுக்கு எந்த ஊர் என்று வந்தவர் கேட்டால், "மலைநாடு" என்பதே எம் வீட்டார் சொல்லும் விடை. அந்தப் பரந்த மலைநாட்டில் எந்த மலை, எந்தத் தோட்டம் என்று எவரும் அறிந்திருக்கவில்லை. எம்முடைய புத்தகப் பையை அவளே தூக்கி வருவாள். ஒரு நாள் அவள் சொன்னது இன்றும் நினைவில் நிற்கின்றது. "மலையில ஏறறதுதான் கஷ்டம்னு நெனக்கிறீங்க. ஏறறது ஒண்ணுமில்ல தம்பி. சொமையோட எறங்கறதுதான் கஷ்டம்." இரண்டு ஆண்டுகள் கழித்துத் தகப்பன் வந்து அவளை அழைத்துக்கொண்டு போனார். அவள் எம் புத்தகங்களைத் தூசி தட்டி அடுக்கினாள். அவற்றில் ஒன்றையேனும் வாசிக்க எவரும் அவளுக்குக் கற்பிக்கவில்லை. இன்று கற்பித்தலே எம் பிழைப்பு. அந்தக் கணக்கு இன்னும் தீர்க்கப்படாமலே இருக்கிறது.

மாணவனை மறுநாள் தனியே அழைத்துப் பேசினோம். அவனுடைய ஊர் நாம் நடக்கவிருந்த வழியிலேயே இருந்தது. "நீ காசு தரவேண்டாம்" என்றோம். அவன் சற்றுநேரம் பேசாதிருந்துவிட்டு, "சும்மா வரமாட்டேன், சேர். வழி காட்டறவனா வர்றேன்" என்றான். அதுவே நியாயம் எனப்பட்டது. வழிகாட்டிக்கென ஒதுக்கியிருந்த தொகையை அவனுக்கே கொடுப்பதென்று முடிவாயிற்று.

கோட்டையிற் புகையிரதம் ஏறிக் கண்டி சேர்ந்து, அங்கொரு மடத்தில் இரவு தங்கி, விடியற்காலை பஸ்ஸில் கலஹாவுக்குப் போனோம். மாணவர் பதினாறு பேர், ஆசிரியர் மூவர். மஞ்சு இன்னும் மலையை விட்டு நீங்கவில்லை. முதல் வழிகாட்டிப் பலகையைக் கண்டதும் மாணவர் கூடிநின்று படம் பிடித்தனர். பலகை தூரத்தைச் சொன்னது, திசையைச் சொன்னது. எஞ்சியதை எம் மாணவன் சொன்னான்.

அவன் சொன்னவற்றை இங்கே முறையாக எழுதிவைப்பது எம் கடமை. ஏனெனில் எந்தப் பலகையிலும் அவை இல்லை. மேட்டு லயத்திலிருந்து பணிய லயத்துக்கு இறங்கும் செங்குத்தான ஒற்றையடி வழியைக் காட்டி, "இது பிள்ளைக் காம்பராக் குறுக்கு" என்றான். விடியுமுன் தாய்மார் கைக்குழந்தைகளை அவ்வழியே சுமந்துபோய் ஆயாவிடம் விட்டுவிட்டுப் பெரட்டுக்கு ஓடுவார்களாம். பிறிதொரு கல்படிக்கட்டைக் காட்டி, "இது ஆஸ்பத்திரி வழி" என்றான். பிரசவ வேதனையில் இருந்தவரையும் பாம்பு தீண்டியவரையும் கம்பளியிற் கிடத்தி நால்வர் தூக்கி இறக்கிய வழி அது. சவுக்கு மரங்களினிடையே ஓடிய தட்டையான வழியொன்று. மாணவர் யாவரும் அதையே அழகிற் சிறந்ததென்றனர். "இது மையத்துக்குப் போறது" என்று அவன் சொன்னதும் பேச்சு அடங்கிற்று. தோட்டத்தில் இறந்தவரைப் புதைக்கும் மேடு அதன் முடிவில் இருந்தது. பலவற்றின் மேல் கல் இல்லை, பெயர் இல்லை. தேயிலைச் செடிகள் அம்மேட்டின் விளிம்புவரை வந்து நின்றன.

சற்று அப்பால் ஒரு மலையில் பெண்கள் நிரை பிடித்துக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தனர். இடையிற் படங்கு, தலையிலிருந்து முதுகிலே தொங்கும் கூடை. எம் மாணவர் சிலர் படம் பிடிக்க முற்பட்டனர். வயது முதிர்ந்த ஓர் அம்மா கையை நிறுத்தாமலே எம்மைப் பார்த்து, "எங்கிட்டுப் போறீங்க? பஸ்சு இல்லையா?" என்று கேட்டார். நடப்பதற்காகவே வந்தோம் என்றோம். அவர் சிரித்தார். பக்கத்து நிரையிலிருந்தவரிடம், "நடக்கிறதுக்குன்னே கொழும்புல இருந்து வந்திருக்காகளாம்" என்றார். பிறகு எம் பக்கம் திரும்பி, "நாங்களும்தான் நடக்கிறோம், ஐயா. காலையில மலைக்கு, பகலைக்கு ஸ்டோருக்கு, மறுபடி மலைக்கு, அந்திக்கு லயத்துக்கு. நடைக்குச் சம்பளம் இல்ல. கொழுந்துக்கு மட்டுந்தான்" என்றார்.

பொருளியல் நூல் பலவற்றில் நாம் காணாத ஒரு பாடம் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. 2021ஆம் ஆண்டிலே நாட்கூலி ஆயிரம் ரூபா என்று விதிக்கப்படுவதற்கே தொழிலாளர் பல ஆண்டுகள் போராடவேண்டியிருந்தது. 2024 செப்டெம்பரில், நாம் நடந்துவந்த அடுத்த மாதத்தில், அடிப்படைக் கூலி 1,350 ரூபாவாயிற்று. குறித்த நிறைக்குக் குறைந்தால் கூலியும் குறைகின்றது. ஒரு நாளில் அவர் ஏறி இறங்கும் படிகளோ எந்தச் செக்றோலிலும் ஏறுவதில்லை. நாம் அன்று நடந்த நடைக்கு எம் தோழர் ஒருவர் தம் கைக்கடிகாரத்தில் அடிகளை எண்ணிக்கொண்டு வந்தார். எண்ணிக்கை ஏற ஏற அவர் முகம் மலர்ந்தது. அந்த அம்மாவின் அடிகளை எண்ண எந்தக் கடிகாரம் உண்டு?

பிற்பகலில் லூல்கந்துரவை அடைந்தோம். இலங்கைத் தேயிலையின் பிறப்பிடம் என்று சொல்லப்படும் இடம் இதுவே. ஸ்கொத்லாந்திலிருந்து 1852இல் வந்த ஜேம்ஸ் டெயிலர் என்பவர் 1867இல் இங்கே 19 ஏக்கரில் தேயிலை நட்டார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1869இல், கோப்பிச் செடியைத் துரு நோய் பற்றிக்கொண்டது. சில பத்தாண்டுகளுள் கோப்பி அழிந்தது, தேயிலை எழுந்தது. டெயிலர் அமர்ந்து மலைகளை நோக்கியதாகக் கூறப்படும் கல்லாசனம் இன்றும் உண்டு. பிரயாணிகள் அதில் அமர்ந்து படம் எடுக்கின்றனர். எம் மாணவரும் எடுத்தனர். 1892இல் அவர் இறந்தபோது, அவருடைய உடலைத் தொழிலாளர் தம் தோள்களில் மாறி மாறிச் சுமந்து கண்டி மகையாவ மயானம்வரை நடந்தனர். அவருடைய கல்லறை அங்கே பெயரோடும் ஆண்டோடும் நிற்கின்றது. சுமந்தவர் பெயர்களை எவரும் எழுதிவைக்கவில்லை.

டெயிலர் கடுமையாக உழைத்தவர், தொழில் அறிந்தவர். அவருடைய பெயர் அழியவேண்டுமென்று நாம் சொல்லவில்லை. அந்தப் பெயரின் அருகில் இன்னும் சில பெயர்கள் இருக்கவேண்டும் என்கிறோம். இதே மலைப் பகுதியில், ஹேவாஹெட்டவைச் சேர்ந்த முல்லோயாத் தோட்டத்தில், 1940 ஜனவரியில் சம்பள உயர்வு கேட்டுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சமசமாஜக் கட்சியினரின் தொழிற்சங்கம் அவருக்குத் துணைநின்றது. பொலிசார் சுட்டனர், கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். மலையகத் தொழிலாளர் வரலாற்றில் முதல் தியாகிகளுள் ஒருவர் அவர். நடைபாதையின் வேறொரு பக்கத்தில், தலவாக்கலையை அடுத்த டெவன் தோட்டத்தில், 1977 மே 11ஆம் நாள், தோட்டக் காணியைப் பிறர் கையகப்படுத்துவதை எதிர்த்து நின்றபோது சிவனு லட்சுமணன் என்ற இளைஞர் சுடப்பட்டு இறந்தார். அருவியைப் பார்க்க ஆயிரம்பேர் நிற்கும் அவ்விடத்தில் அந்த இளைஞரை நினைக்க எத்தனைபேர் நிற்கின்றனர்? எம் மாணவி ஒருத்தி, "ஏன் சேர், ஒரு பலகையில இதையும் எழுதினால் என்ன?" என்று கேட்டாள். எழுதலாம். எழுதுவதற்குப் பலகையும் உண்டு, மையும் உண்டு. எழுதவேண்டும் என்று எண்ணும் மனமே இதுவரை இல்லை.

மலையகப் பாதைகளின் கதை மலையில் தொடங்குவதும் அன்று. அது கடற்கரையில் தொடங்குகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டின் வறண்ட ஊர்களிலிருந்து கங்காணிமாரின் பின்னே புறப்பட்டவர், தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து, அங்கிருந்து காட்டு வழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைவரை நடந்தனர். ஏறக்குறைய 150 மைல். நீரில்லாத காடு, காய்ச்சல், வாந்திபேதி, வனவிலங்கு. வழியில் விழுந்தவரை விட்டுவிட்டே கூட்டம் முன்னேறிற்று. கோப்பிக் காலத்தில் பலர் அறுவடை முடிந்ததும் அதே வழியே திரும்பி நடந்தனர். தேயிலையோ ஆண்டு முழுவதும் கை கேட்கும் பயிர். ஆகவே வந்தவர் நிலைத்தனர். 1914இல் தலைமன்னாருக்குக் கப்பலும் புகையிரதமும் இணைந்தபோது அக்காட்டு வழியின் தேவை ஒழிந்தது. வழியிற் புதைந்த எலும்புகள் எஞ்சின. தேயிலைத் தோட்டங்களுக்கு உரம் ஆனவர் பற்றி நாம் பேசுகிறோம். தோட்டத்தைக் காணாமலே மடிந்தவர் பற்றிப் பேசுவது அரிது.

2023ஆம் ஆண்டு, மலையகத் தமிழர் வருகையின் இருநூறாவது ஆண்டை முன்னிட்டு, 'மாண்புமிகு மலையக மக்கள்' என்ற பெயரால் ஒரு நடைபவனி நடந்தது. யூலை 28ஆம் நாள் தலைமன்னாரிற் புறப்பட்டு, ஆகஸ்ட் 12ஆம் நாள் மாத்தளையில் முடிந்தது. முன்னோர் நடந்த வழியே பேரரும் பூட்டரும் நடந்தனர். வழியில் வடபுலத் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் தண்ணீர் கொடுத்து வரவேற்றனர். உல்லாசத்துக்காகவும் அன்று, கூலிக்காகவும் அன்று, உரிமைக்காக நடந்த நடை அது. அந்நாட்களில் நாம் வெள்ளவத்தையில் இருந்தோம். பத்திரிகையிற் படித்தோம்; "நல்ல காரியம்" என்றோம். நம்மில் எத்தனைபேர் ஒரு நாளேனும் கூட நடந்தோம்?

நடக்க வழி சமைத்தவர் நாட்டிலே வாழ வழியற்றவர் ஆக்கப்பட்டதையும் மறத்தல் தகாது. 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1964 ஒக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம், 9,75,000 மக்களைக் கடையிற் பண்டம் பகிர்வதுபோலப் பகிர்ந்தது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வதென்று. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே நாடற்றோர் என்ற நிலை பெருமளவில் தீர்ந்தது. 1945இல் இலங்கைக்கு இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பாடசாலைகள் அரசாங்கத்தின் கைக்கு வந்ததோ 1970களிற்றான். எம் மாணவன் பத்து ஆண்டுகள் நடந்துபோன பள்ளிக்கூடத்தின் பின்னே இத்தனை தாமதமும் நிற்கின்றது.

அன்று மதிய உணவு அம்மாணவனின் வீட்டில். வீடு என்பது லயத்தில் ஒரு காம்பரா: பத்துக்குப் பன்னிரண்டு அடி, முன்னே ஒடுங்கிய விறாந்தை. பத்தொன்பது பேரும் உள்ளே இருக்க இடமில்லாமல் வாசலிலும் வேலியோரத்திலும் இருந்து தேங்காய் ரொட்டியும் சம்பலும் உண்டோம். அயல் வீடுகளிலிருந்தும் தட்டுகள் வந்தன. அவனுடைய தாய் எம்மிடம், "சேருக்குக் கொழும்புல எந்தப் பக்கம்?" என்று கேட்டார். வெள்ளவத்தை என்றோம். அவர் முகம் மலர்ந்தது.

"வெள்ளவத்தையா? என் தங்கச்சி சின்னதுல அங்கதான் ஒரு வீட்டுல நின்னுச்சு. நல்ல மனுசங்கதான், சேர். அடிக்கல, வையல. படிக்கத்தான் விடல."

எந்த ஆண்டு, எந்தத் தெரு என்று கேட்க நா எழவில்லை. வெள்ளவத்தையில் அவ்வாறான வீடுகள் பல. அது எம் வீடாக இருக்கவேண்டும் என்பதில்லை. அது எம் வீடன்று என்று நிச்சயப்படுத்திக்கொள்ளும் துணிவே எமக்கு இல்லாதிருந்தது. கையிலிருந்த ரொட்டியைத் தின்று முடிக்க நெடுநேரமாயிற்று. அவர் அதைக் கவனித்து, "உறைப்பா, சேர்?" என்று கேட்டுத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மாலையில் இறங்கத் தொடங்கினோம். முழங்கால் நொந்தது. ஏறும்போது வராத வலி இறங்கும்போது ஒவ்வோர் அடியிலும் வந்தது. எம் முதுகில் இருந்ததோ ஒரு சிறு பை மட்டுமே. அந்தச் சிறுமி எம் புத்தகப் பையைச் சுமந்தபடி சொன்னது எத்துணை உண்மை என்பதை உணர எமக்கு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் தேவைப்பட்டது.

நடைபாதைகள் உலகெங்கும் உண்டு. இத்தாலியின் மலைக் கிராமங்களைச் சுற்றிச் சிவப்பும் வெள்ளையும் தீட்டிய அடையாளங்களைப் பின்பற்றிப் பிரயாணிகள் நடக்கின்றனர். அவற்றிற் பல, குடியானவர் கோவேறு கழுதைகளை ஓட்டிச் சென்ற பழைய வழிகள். லிகூரியக் கடற்கரையின் ஐந்து ஊர்களிலே, சாந்தில்லாமல் கல்லடுக்கி எழுப்பிய மதில்களால் மலைச்சரிவைப் படிகளாக்கித் திராட்சை பயிரிட்டனர். அந்நிலம் 1997இல் உலக மரபுரிமையாயிற்று. ஆயின் பயிரிடுவோர் குறைந்த இடத்தில் மதில் சரிகின்றது. மதில் சரிந்தால் பாதையும் சரிகின்றது. உழைப்பவர் நீங்கினால் காட்சியும் நில்லாது என்பதற்கு அது ஒரு சான்று.

இங்கிலாந்திலோ நடை ஒரு வர்க்கப் போராட்டமாகவே இருந்தது. கிண்டர் ஸ்கவுட் மேட்டுநிலத்தைப் பிரபுக்கள் பறவை வேட்டைக்கென வேலியிட்டு வைத்திருந்தனர். 1932 ஏப்ரில் 24ஆம் நாள் மான்செஸ்டர்ப் பகுதியின் தொழிலாளர் சில நூறுபேர் பென்னி ரொத்மன் என்ற இளைஞரின் தலைமையில் அத்துமீறி அதன்மேல் நடந்தனர். ஐவர் சிறை சென்றனர். 1949இல் வந்த தேசியப் பூங்காச் சட்டத்துக்கும், 2000ஆம் ஆண்டில் வந்த நடையுரிமைச் சட்டத்துக்கும் அந்நடை வித்திட்டது. ஆலைத் தொழிலாளிக்கும் மலைக்காற்று வேண்டும் என்பதே அவர்தம் கோரிக்கை. மலை காண்பதும் களைப்பாறுவதும் செல்வருக்கு மட்டும் உரியதென்று எந்த முற்போக்காளனும் சொல்லமாட்டான்.

ஆகவே மலைநாட்டில் நடப்போரை நாம் பழிக்கவில்லை. நடக்கட்டும்; கொட்டாஞ்சேனை மாணவரும் நடக்கட்டும். புதிய நடைபாதையால் வழிகாட்டிகளாக, விருந்தினரைத் தங்கவைப்போராக, தோட்டத்து இளைஞர் சிலர் பிழைப்புப் பெறுகின்றனர் என்பதும் நன்றே. எனினும் சில கேள்விகளை விட்டுவிட முடியாது. பாதை வழியே வரும் பணத்தில் லயத்துக்குச் சேரும் பங்கு எவ்வளவு? நூற்றாண்டாக அந்நிலத்தில் வாழ்பவருக்கு ஏழு பேர்ச் காணிக்கு உறுதி கிடைப்பதற்கே இத்தனை இழுபறி ஏன்? வருபவர் கண்ணுக்கு லயம் ஓர் அழகிய காட்சியாகிவிட்டால், அது இடிக்கப்படவேண்டிய அநீதி என்பதை யார் நினைவூட்டுவது? 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, அம்மலையின் அழகு எவரையும் காக்கவில்லை.

கொழும்புக்கு மீண்டதும் மாணவர் யாவரையும் தாம் கண்டதைப்பற்றி எழுதச் சொன்னோம். பலர் மஞ்சைப்பற்றி எழுதினர்; சிலர் அந்த அம்மாவைப்பற்றி எழுதினர். எம் வழிகாட்டி கட்டுரை எழுதவில்லை. ஒரு படம் வரைந்து கொண்டுவந்தான். பிள்ளைக் காம்பராக் குறுக்கு, ஆஸ்பத்திரி வழி, மையத்து வழி, பள்ளிக்கூடப் பாதை, மாரியம்மன் கோவில் இறக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் அதன் ஊர்ப்பெயர் எழுதியிருந்தான். பீக்கோ பாதை அதில் ஒரு மெல்லிய கோடாக இடையே ஓடிற்று. அப்படத்தை வகுப்புச் சுவரில் மாட்டினோம். அடுத்த வாரம் கொட்டாஞ்சேனை மாணவர் தத்தம் வீட்டிலிருந்து பாடசாலைக்கு வரும் ஒழுங்கைகளை வரைந்து கொண்டுவந்தனர். வரைந்தவற்றுள் நாம் அறியாத வழிகள் பல இருந்தன. ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவருடைய வேலையும் வறுமையும் வெளிப்பட்டன. ஆசிரியத் தோழர்களே, இம்முயற்சிக்குப் பணம் வேண்டியதில்லை. ஒரு தாளும் ஒரு பென்சிலும் போதும். எம் மாணவர் எந்த வழியாக நம்மிடம் வந்து சேருகின்றனர் என்பதைக் கேட்காமல் நாம் எதைக் கற்பிக்கப்போகிறோம்?

2025 நவம்பர் இறுதியில் டித்வா என்ற புயல் வந்தது. மலைநாடெங்கும் மண்சரிந்தது, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். உயர்தரப் பரீட்சை நடந்துகொண்டிருந்த வேளை. எஞ்சிய பாடங்கள் ஒத்திவைக்கப்பட்டன. எம் மாணவனுக்கு வீட்டாரிடமிருந்து மூன்று நாட்கள் ஒரு சொல்லும் வரவில்லை. நான்காம் நாள் அவன் புறப்பட்டான். பஸ் ஓடிய இடம்வரை பஸ்ஸிற் போய், பெருந்தெரு அறுந்த இடத்திலிருந்து அரிசிப் பையைத் தோளில் வைத்துக்கொண்டு குறுக்கு வழியே நடந்திருக்கிறான். வீட்டார் தோட்டப் பாடசாலைக் கட்டடத்தில் இருந்தனர், உயிரோடு இருந்தனர். லயத்தின் பின்சுவர் விழுந்துவிட்டது.

ஜனவரியில் எஞ்சிய பரீட்சையை எழுத அவன் திரும்பி வந்தான். எழுதி முடித்த அன்று வகுப்புக்கு வந்து, சுவரிலிருந்த படத்தைக் கழற்றித் தரும்படி கேட்டான். மேசைமேல் விரித்து, பள்ளிக்கூடப் பாதையின் நடுவே ஒரு பகுதியை அழித்தான்.

"இந்த வழி இப்ப இல்ல, சேர். மண்ணோட போயிருச்சு."

பிறகு அழித்த இடத்துக்கு மேலே, சரிவைச் சுற்றிக்கொண்டு, புதிதாக ஒரு கோடு வரைந்தான். அது எங்கிருந்து வந்தது, அங்கே பாதை போட்டவர் யார் என்று கேட்டோம்.

"யாரும் போடல. சனங்க நடந்து நடந்து ஆயிருச்சு. பிள்ளைங்க அதுலதான் பள்ளிக்கூடம் போகுதுங்க" என்றான். அதற்கு இன்னும் பெயர் வரவில்லையாம். பெயர் எழுதச் சிறிது இடம் விட்டு, படத்தை மறுபடியும் சுவரில் மாட்டினோம்.